ஒளிர்கிறது, ஆனால் நுரைக்கவில்லை: சேகோ நீரில் ஜிஎஃப்பி பேசில்லஸ் வளர்ப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் என்று வந்தால் பாதிப் பேர் கையில் ஒரு கேன் சேகோ தண்ணீர் இருக்கும். அதில் தப்பே இல்லை, ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது? குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து மாவுப்பால் எடுத்து, திப்பியை ஒதுக்கிய பிறகு மிஞ்சும் புளித்த நீரில் மாவும் சர்க்கரையும் இன்னும் கிடக்கின்றன. அதைத் தின்று பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சர்ஃபாக்டின் என்ற பயோசர்ஃபாக்டன்ட்டைச் செய்கிறது. சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள்தான், ஏழு அமினோ அமிலம் வளையமாகக் கட்டி ஒரு கொழுப்பு அமில வால் ஒட்டியது. தண்ணீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 27 வரைக்கும் இறக்கிவிடும். மரவள்ளிக் கழிவுநீரில் இதை வளர்த்து எடுக்க முடியும் என்பதைப் பிரேசில்காரர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

இப்போது வருகிற பிள்ளைகள் ஒரு படி மேலே போய், எப்போது எவ்வளவு செய்கிறது என்பதை ஒளியை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். சர்ஃபாக்டின் செய்யும் எஸ்ஆர்எஃப்-ஏ ஜீன் வரிசைக்கு முன்னால் இருந்து அதைத் திறந்து மூடுகிற பகுதியான புரமோட்டரை நகலெடுத்து, அதன் பின்னால் ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீனை ஒட்டி, குரோமோசோமில் ஓர் இடத்தில் சொருகிவிட்டால், செல் சர்ஃபாக்டின் செய்யத் தொடங்கும் நேரத்தில் பச்சையாக ஒளிரும். அருமையான கருவி. ஆனால் அந்தப் பச்சை சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: புரமோட்டர் திறந்திருக்கிறது. புரமோட்டரிலிருந்து ஃபிளாஸ்க்கில் நுரை வரைக்கும் நடுவில் ஏழெட்டுப் படி இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் வழுக்கலாம். எங்கே வழுக்கியது என்பதை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் நாலு குழாய், ஒரு தட்டு

இது இல்லாமல் எந்த அறிகுறியையும் படிக்க முடியாது, அதனால் தாண்டிப் போகாதீர்கள். ஒன்று, எதுவும் போடாத வெறும் மீடியா. இரண்டு, ஜிஎஃப்பி சொருகுவதற்கு முன்பிருந்த தாய் ஸ்ட்ரெயின் (பாக்டீரியா வகை), அதே மீடியாவில் அதே வயதில். மூன்று, எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு புரமோட்டரில் ஜிஎஃப்பி வைத்த ஸ்ட்ரெயின். நாலாவது உங்கள் ரிப்போர்ட்டர், அதாவது எஸ்ஆர்எஃப்-ஏ புரமோட்டரில் ஜிஎஃப்பி வைத்த ஸ்ட்ரெயின்.

தட்டு என்றால் எண்ணெய்த் தட்டு. பெட்ரி டிஷ்ஷில் டிஸ்டில்டு வாட்டர் 30 மிலி ஊற்றி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பரவ விடுங்கள். அது மெல்லிய படலமாக அமைதியான பிறகு, சென்ட்ரிஃபியூஜ் செய்து எடுத்த தெளிநீரில் 10 மைக்ரோலிட்டர் நடுவில் வையுங்கள். சர்ஃபாக்டின் இருந்தால் எண்ணெய் சட்டென்று விலகி நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் திறக்கும், யாரோ விரலால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஸ்கேல் வைத்து விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஒளியை எத்தனை முறை அளக்கிறீர்களோ அத்தனை முறை இதையும் செய்ய வேண்டும், இரண்டு நிமிட வேலைதான்.

ஒளியே இல்லை

கட்டமைப்பு, அதாவது ஒட்டிச் சொருகிய டிஎன்ஏ, தவறு என்று உடனே முடிவுகட்டி திரும்ப குளோனிங் செய்யப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பாதி நேரம் பிரச்சினை நேரத்தில்தான் இருக்கும். எஸ்ஆர்எஃப்-ஏ கூட்டம் சேர்ந்தால்தான் திறக்கும் ஜீன். ஒவ்வொரு செல்லும் காம்-எக்ஸ் என்ற சிறு பெப்டைடை வெளியே விடுகிறது, செல்கள் பெருகப் பெருக அதுவும் சேர்கிறது, போதுமான அளவு சேர்ந்ததும் காம்-பி என்ற உணர்வி அதைப் பிடித்து காம்-ஏ-வைத் தூண்டி, அது போய் எஸ்ஆர்எஃப்-ஏ-வைத் திறக்கிறது. காலை பத்து மணிக்கு இனாக்குலேட் செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும். வேகமான வளர்ச்சி முடிந்து தளரத் தொடங்கும் நேரம் வரை அரை மணிக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

நேரமும் சரி, இன்னும் இருட்டு என்றால் மீடியாவைப் பாருங்கள். சாப்பாடு அதிகமாக இருக்கும் மீடியாவில், முக்கியமாக அமினோ அமிலம் நிறையப் போட்டிருந்தால், காட்-ஒய் என்ற அடக்கி இந்தப் புரமோட்டரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். “நன்றாக வளரட்டும்” என்று கேசமினோ அமிலத்தைக் கொட்டிக் கொடுத்தவர்களுக்கு கல்ச்சர் கொழுகொழுவென்று வளரும், ஒளி மட்டும் தாமதமாகும்.

அதற்குப் பிறகு காற்று. ஜிஎஃப்பி புரதம் உருவானவுடன் ஒளிராது, அதன் நடுவில் இருக்கும் நிறமி முழுமையாவதற்கு ஆக்சிஜன் வேண்டும். 250 மிலி ஃபிளாஸ்க்கில் 50 மிலிக்கு மேல் ஊற்றாதீர்கள், ஷேக்கர் 200 சுற்றுக்குக் குறையக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில் கல்ச்சர் போடவே போடாதீர்கள், ஷேக்கர் நின்ற இரண்டு மணி நேரம் அந்த வரைபடத்தில் பள்ளமாக விழும், பிறகு அதற்கு விளக்கம் தேடி அலைவீர்கள். ஈஜிஎஃப்பி என்றால் 488 நானோமீட்டரில் தூண்டி 507-ல் படிக்க வேண்டும், கருவியில் வேறு ஃபில்டர் மாட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, மூன்றாவது குழாய் ஒளிர்ந்து உங்கள் குழாய் மட்டும் இருட்டாக இருந்தால், அப்போது கட்டமைப்பைச் சந்தேகப்படலாம். ஏமி-இ இடத்தில் சொருகியிருந்தால் சோதனை எளிது. ஏமி-இ தான் பேசில்லஸின் அமைலேஸ் ஜீன். ஸ்டார்ச் பிளேட்டில் காலனியை வளர்த்து அயோடின் ஊற்றினால் தாய் ஸ்ட்ரெயினைச் சுற்றி வெளுத்த வட்டம் வரும், சரியாகச் சொருகியதைச் சுற்றி வட்டம் வராது. வட்டம் வந்தால் உங்கள் ஜீன் அங்கே போகவில்லை.

பச்சை பளபளவென்று இருக்கிறது, எண்ணெய் மட்டும் அசையவில்லை

இந்த ஓர் அறிகுறிக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எல்லாக் கல்லூரி ஃப்ரீசரிலும் இருப்பது பேசில்லஸ் சப்டிலிஸ் 168. டிஎன்ஏவைச் சுலபமாக உள்வாங்கும், ஜீனோம் முழுக்கத் தெரியும், பாதுகாப்பானது, அதனால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். ஆனால் 168-க்கு சர்ஃபாக்டின் செய்யத் தெரியாது. எஸ்ஆர்எஃப்-ஏ ஜீன் முழுசாக இருக்கிறது, புரமோட்டர் நன்றாகத் திறக்கிறது, அந்தப் பெரிய என்சைமும் உருவாகிறது. குறை வேறோர் ஜீனில், எஸ்எஃப்பி என்று பெயர். என்சைமுக்கு ஒரு கை மாட்டிவிடுவது அதன் வேலை, பான்டதீன் என்ற அந்தக் கை இருந்தால்தான் அமினோ அமிலங்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோக்க முடியும். 168-ல் எஸ்எஃப்பி உடைந்து கிடக்கிறது, வாசிப்புச் சட்டகமே நகர்ந்துபோன பிறழ்வு. தறி இருக்கிறது, பாவு ஓட்டியாயிற்று, நாடா மட்டும் இல்லை என்றால் எப்படித் துணி வரும்?

இதைத் தெரியாமல் ஒரு செமஸ்டர் முழுக்க ஒளி வரைபடம் வரைந்து “சர்ஃபாக்டின் உற்பத்தி” என்று தலைப்பு போட்ட ரிப்போர்ட்டை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். எண்கள் எல்லாம் உண்மை, உழைப்பும் உண்மை, ஃபிளாஸ்க்கில் ஒரு மில்லிகிராம் சர்ஃபாக்டின்கூட இருந்திருக்காது. அந்தப் பெண் ஒரே ஒரு நாள் எண்ணெய்த் தட்டு வைத்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி: இரத்த அகார் பிளேட்டில் கோடு இழுங்கள். சர்ஃபாக்டின் சிவப்பணுவை உடைக்கும், அதனால் செய்கிற ஸ்ட்ரெயினைச் சுற்றி அகலமாகத் தெளியும், 168-ஐச் சுற்றி அந்த அகலம் வராது. சரி செய்ய இரண்டு வழி. 168-க்கே நல்ல எஸ்எஃப்பி ஜீனைக் கொடுத்துவிடலாம், பலரும் செய்வது இதுதான். அல்லது எஸ்எஃப்பி கெடாத காட்டு ஸ்ட்ரெயினான 3610-ஐ எடுக்கலாம், ஆனால் அதில் குரோமோசோமுக்கு வெளியே தனி டிஎன்ஏ வளையமாக இருக்கும் ஒரு பிளாஸ்மிட், புது டிஎன்ஏ உள்ளே வருவதைத் தடுக்கும், அதனால் முதலில் 168-ல் கட்டி எஸ்பிபி1 என்ற பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வழியாக அங்கே கடத்துவார்கள். நேரம் குறைவாக இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. 168-க்கு டிரிப்டோஃபான் சொந்தமாகச் செய்ய வராது. மினிமல் மீடியாவிலோ சேகோ நீரிலோ போடும்போது டிரிப்டோஃபானை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் விலகுகிறது, ஒளி இல்லை

முதலில் கழுவிய கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். சோப்புத்தூள் போட்டுக் கழுவி இரண்டு முறை மட்டும் அலசிய ஃபிளாஸ்க்கில் வெறும் மீடியாவை வைத்தாலே எண்ணெய் ஓடும். அடுத்து, நுரையை அடக்க ஆன்டிஃபோம் போட்டீர்களா? அதுவே பரப்பில் படிந்து தட்டைக் கெடுக்கும். முதல் குழாயில் வட்டம் வருகிறதா என்று பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது காரணம் நுரைதான், நிறையப் பேருக்குத் தோன்றாது. சர்ஃபாக்டின் நன்றாக வரத் தொடங்கினால் ஃபிளாஸ்க்கின் கழுத்து வரை நுரை ஏறும், அந்த நுரை தனியாக ஏறாமல் செல்களையும் சர்ஃபாக்டினையும் தூக்கிக்கொண்டு போகும். பஞ்சு அடைப்பு வரை நனைந்து, காய்ந்து, கண்ணாடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். நீங்களோ பைப்பெட்டை அடியில் விட்டு எடுக்கிறீர்கள். அங்கே செல் குறைவு, ஒளியும் குறைவு. ஷேக்கரை நிறுத்தி நுரை அடங்க விட்டு, சுவரில் ஒட்டியதை அந்தக் கல்ச்சராலேயே சுழற்றிக் கழுவி இறக்கி, பிறகு எடுங்கள். கன்னக்குழி வைத்த (பேஃபிள்டு) ஃபிளாஸ்க்கில் நுரை இன்னும் அதிகம், அதற்குக் கொள்ளளவைக் குறைப்பதே மருந்து.

ஜிஎஃப்பியை குரோமோசோமில் வைக்காமல் பிளாஸ்மிட்டில் வைத்திருந்தால் நாலாவது காரணமும் உண்டு: ஆன்டிபயாட்டிக் இல்லாத சேகோ நீரில் பிளாஸ்மிட் உதிர்ந்துபோயிருக்கும். ஆன்டிபயாட்டிக் உள்ள பிளேட், இல்லாத பிளேட் இரண்டிலும் பரப்பி எண்ணிப் பாருங்கள்.

வெறும் மீடியாவே ஒளிர்கிறது

ஒளிரத்தான் செய்யும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் ரைபோஃப்ளேவின் இருக்கிறது, அதன் ஒளி ஜிஎஃப்பியின் பச்சைக்குப் பக்கத்திலேயே விழும். புளித்த சேகோ நீருக்கும் தனக்கென்று ஒரு மங்கல் ஒளி உண்டு, கேனுக்குக் கேன் மாறும். செல்லை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, பாஸ்ஃபேட் பஃபரில் இரண்டு முறை கழுவி, அதே பஃபரில் கலக்கிப் படியுங்கள். கழிக்க வேண்டியது வெறும் மீடியாவின் எண்ணை மட்டும் என்று நினைக்காதீர்கள், தாய் ஸ்ட்ரெயினின் எண்ணைத்தான் கழிக்க வேண்டும், பேசில்லஸ் ஸ்போர் என்ற உறங்கும் விதையைக் கட்டத் தொடங்கினால் ஜிஎஃப்பி இல்லாமலே கொஞ்சம் ஒளிரும்.

பஃபரில் கலக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சேகோ நீர் புளிப்பு, ஈஜிஎஃப்பியோ பிஹெச் 6 பக்கம் வந்தாலே பாதி மங்கிவிடும். பேசில்லஸ் தன் உள்பக்கத்தை ஓரளவு காத்துக்கொண்டாலும், எல்லா மாதிரியையும் 7.4-க்குக் கொண்டுவந்து படித்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

போடாத பிளேட்டில் பச்சை ஒளி

ஏற்காட்டு காபித் தோட்டத்து மண்ணையும் அதே பெஞ்சில் வைத்துத் தேடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். யூவி விளக்கில் கன்ட்ரோல் பிளேட் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும், “ஐயோ ஜிஎஃப்பி ஸ்ட்ரெயின் கலந்துவிட்டது” என்று எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியா. இரும்பு குறைவாக இருந்தால் அது பயோவெர்டின் என்ற நிறமியை வெளியே விட்டு இரும்பைத் தேடும், அந்த நிறமிக்கே ஒளி உண்டு, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்று பேர் வந்ததே அதனால்தான்.

பிரித்தறிவது சுலபம். பயோவெர்டின் காலனியைத் தாண்டி அகாரில் பரவியிருக்கும், ஜிஎஃப்பி செல்லுக்குள்ளேயே இருப்பதால் காலனியோடு நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் ஃபெரிக் குளோரைடு கரைசல் விடுங்கள், இரும்பைப் பிடித்ததும் பயோவெர்டினின் ஒளி அணைந்துவிடும்.

பேசில்லஸை விட்டுவிட்டு சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் ராம்னோலிப்பிட் என்ற இன்னொரு பயோசர்ஃபாக்டன்ட்டைப் பார்க்கிறவர்களுக்கு இதுவே நிரந்தரத் தலைவலி. ராம்னோலிப்பிட் செய்யும் ஆர்ஹெச்எல்-ஏ ஜீனின் புரமோட்டரில் ஜிஎஃப்பி வைத்திருப்பீர்கள், பயோவெர்டின் அதே பச்சையில் குறுக்கே நிற்கும். இரும்பைக் கூட்டி அதை அடக்கலாம் என்றால் ராம்னோலிப்பிட்டும் குறையும், ஏனென்றால் இரும்புப் பஞ்சத்திலும் நைட்ரஜன் பஞ்சத்திலும்தான் அது நன்றாக வருகிறது. இரும்பைத் தொடாமல் ஜிஎஃப்பிக்குப் பதில் எம்செர்ரி போன்ற சிவப்புப் புரதத்துக்கு மாறுங்கள், 587-ல் தூண்டி 610-ல் படித்தால் பயோவெர்டின் அங்கே எட்டிப் பார்க்காது. ஆனால் ஏருஜினோசா நோய்க்கிருமி, பயோசேஃப்டி கேபினட் இல்லாத லேபில் இளங்கலைப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சேகோ நீரில் போட்டால் வளரவே மாட்டேன் என்கிறது

இதில் நான் மூன்று வாரம் தொலைத்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆத்தூர் பக்கத்து ஒரு சேகோ ஆலையிலிருந்து நீர் எடுத்து வந்தோம். கொதிக்க வைத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, பிஹெச் 7-க்குக் கொண்டுவந்து, நைட்ரஜனும் டிரிப்டோஃபானும் சேர்த்து ரிப்போர்ட்டரைப் போட்டால் இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. ஆலை மேஸ்திரிக்கு போன் போட்டு, “அண்ணா, இந்தத் தண்ணியில ஏதாவது கலந்திருக்கா?” என்று கேட்டேன். “நேத்து தொட்டி கழுவுனோமுங்க, ப்ளீச்சிங் பவுடர் கொஞ்சம் இறங்கியிருக்கும்ங்க” என்றார். அன்றிலிருந்து எந்தக் கேன் வந்தாலும் முதல் சோதனை இதுதான்: கொஞ்சம் நீரில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடும் ஒரு சொட்டு நீர்த்த அமிலமும் போடுவேன். குளோரின் இருந்தால் அயோடின் விடுபடும், மாவுதான் ஏற்கெனவே நீரில் இருக்கிறதே, தானாகவே நீலமாகிவிடும். நீலம் வந்தால் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்து அடக்க வேண்டும், அல்லது வேறு நாள் நீர் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது தொட்டி எப்போது கழுவினார்கள் என்று கேட்டு கேன் மேலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த கேனில் நீலம் வரவில்லை. தாய் ஸ்ட்ரெயின் ஜம்மென்று வளர்ந்தது, ரிப்போர்ட்டர் மட்டும் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. மறுபடி மறுபடி செய்தும் அதே கதை. ஒரு நாள் சாயங்காலம் பெஞ்சைத் துடைக்கும்போது பக்கத்தில் அயோடின் பாட்டில் இருந்தது, என்னவோ தோன்றி இரண்டு ஃபிளாஸ்க்கிலிருந்தும் ஒரு மிலி எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன். தாய் ஸ்ட்ரெயின் குழாயில் அயோடினின் பழுப்பு மட்டும் இருந்தது. ரிப்போர்ட்டர் குழாய் மை கொட்டிய மாதிரி கருநீலமானது. மாவு அத்தனையும் தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: நாங்கள் ஜிஎஃப்பியைச் சொருகியது ஏமி-இ இடத்தில், அதாவது அமைலேஸ் ஜீனை உடைத்துவிட்டுத்தான் சொருகியிருக்கிறோம். குளுக்கோஸ் மீடியாவில் வேலை செய்யும்போது அது ஒரு பொருட்டே இல்லை, மாவுத் தண்ணீரில் சாப்பாடே அதுதான். எண்ணற்ற ஆய்வுகளில் ஏமி-இ-யைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் நாங்களும் யோசிக்காமல் அதையே எடுத்திருந்தோம்.

மாவு உள்ள எந்தக் கழிவில் வேலை செய்தாலும் ஏமி-இ வேண்டாம். லாக்-ஏ போன்ற வேறு இடத்தில் சொருகுங்கள். சாக்-ஏ என்று ஓர் இடமும் உண்டு, ஆனால் அது சுக்ரோஸ் சம்பந்தப்பட்டது, வெல்லப்பாகில் வேலை செய்கிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். திரும்பக் கட்ட நேரமில்லை என்றால், துணிக்கு ஏற்றிய கஞ்சியை நீக்கப் பயன்படுத்தும் ஆல்ஃபா அமைலேஸை வாங்கி நீரிலுள்ள மாவை முன்கூட்டியே சர்க்கரையாக்கிவிட்டு, அயோடின் சொட்டு விட்டு நீலம் வராததை உறுதி செய்துகொண்டு, என்சைமை வெப்பத்தில் முடக்கிவிட்டு இனாக்குலேட் செய்யலாம்.

கொதிக்க வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: குச்சிக்கிழங்கில் சயனைடு உண்டு, சூடாக்கும்போது அது ஹைட்ரஜன் சயனைடாக ஆவியாகும். ஃபியூம் ஹூடுக்குள் வைத்து மட்டுமே கொதிக்க வையுங்கள், மூடிய அறையில் கெட்டில் அடுப்பில் வேண்டவே வேண்டாம்.

ஒளியை ஓடியால் (600 நானோமீட்டர் கலங்கல் அளவு) வகுத்தால் எண் தாறுமாறாக வருகிறது

சேகோ நீரின் மாவுத் துகளே ஒளியைச் சிதறடிக்கும், செல் இல்லாமலே 600 நானோமீட்டரில் எண் வரும். செல் மாவைத் தின்னத் தின்ன அந்தக் கலங்கல் குறையும், அதே நேரம் செல் பெருகும், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். இந்த நீரில் ஓடியை நம்பாமல் பிளேட்டில் காலனி எண்ணுங்கள், குறைந்தது நாலு நேரப் புள்ளிகளுக்காவது. தெளிந்த மீடியாவிலும் 0.4-ஐத் தாண்டினால் நீர்த்து அளந்து பெருக்குங்கள். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட வேண்டுமென்றால் கருவியின் கெயினை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு, ஒரே பஃபரில் கலக்கிய ஃபுளோரசின் என்ற ஒளிரும் சாயக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு நாளும் சேர்த்துப் படியுங்கள்.

ஒளி ஏறிக்கொண்டே போகிறது, பரப்பு இழுவிசை நின்றுவிட்டது

கருவி கெட்டுப்போகவில்லை. சர்ஃபாக்டின் ஓர் அளவைத் தாண்டியதும் மூலக்கூறுகள் பரப்பில் இடமில்லாமல் உள்ளே மைசெல் என்ற சிறு உருண்டைகளாகக் கட்டிக்கொள்ளும், அதற்குமேல் எவ்வளவு சேர்ந்தாலும் இழுவிசை 27, 30 என்ற இடத்திலேயே நிற்கும். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமிலேயே இந்த நிலை வந்துவிடும். அதனால் தெளிநீரை பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து அளந்து, எத்தனை மடங்கில் இழுவிசை ஏறத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த மடங்குதான் உற்பத்தியோடு சேர்ந்து நகரும்.

இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டர் இல்லாத லேபில் சொட்டு எண்ணலாம். ஒரே பைப்பெட்டை நேராகக் கட்டி, ஒரு மிலி இறங்க எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். இழுவிசை குறையக் குறைய சொட்டு சிறுத்து எண்ணிக்கை கூடும்: தண்ணீருக்கு 20 சொட்டு வந்தால், 27 மில்லிநியூட்டன் உள்ள நீருக்கு 50-ஐ ஒட்டி வரும். நீர்க்க டிஸ்டில்டு வாட்டரையே எடுங்கள், மேக்னசைட் பூமியான நம் சேலத்துப் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி, சர்ஃபாக்டின் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு எண்ணை மாற்றிவிடும்.

உற்பத்தி நின்ற பிறகும் ஒளி இறங்கவில்லை

சாதாரண ஜிஎஃப்பி உறுதியான புரதம், ஒரு முறை செய்தால் நாள் கணக்கில் செல்லில் கிடக்கும். நேற்று திறந்த புரமோட்டரின் ஒளியைத்தான் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மொத்த ஒளியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கூடியது என்பதைச் செல் எண்ணிக்கையால் வகுத்து வரைந்தால் புரமோட்டரின் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும். இல்லையென்றால் சிதைவு வால் கட்டிய ஜிஎஃப்பிக்கு மாறலாம், செல்லின் புரோட்டியேஸ்கள் அந்த வாலைப் பார்த்துப் புரதத்தை நறுக்கிவிடும். மொத்த ஒளி மங்கலாக இருக்கும், ஆனால் இறங்கும்போது இறங்கும்.

இதற்கு நேர்மாறாக, பெஞ்சில் வைத்த மாதிரி அரை மணியில் தானாகவே பிரகாசமாகிறதா? ஃபிளாஸ்க்கில் ஆக்சிஜன் பற்றவில்லை, உருவாகி முழுமையாகாமல் காத்திருந்த ஜிஎஃப்பி வெளிக்காற்று பட்டதும் முழுமையாகிறது. எல்லா மாதிரியிலும் எடுத்த உடனே புரத உற்பத்தியை நிறுத்தும் ஆன்டிபயாட்டிக் ஒன்றைச் சேர்த்து, குலுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்துப் படியுங்கள். குளோராம்ஃபெனிக்கால் நன்றாக வேலை செய்யும், உங்கள் ஸ்ட்ரெயினில் அதற்கு எதிர்ப்பு ஜீன் இல்லாமல் இருந்தால்.

மைக்ரோஸ்கோப்பில் பாதி செல் இருட்டாக இருக்கிறது

இது பிழையே இல்லை. பேசில்லஸ் கூட்டத்தில் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை, பயோஃபிலிமில் ஒரு பகுதிச் செல்கள்தான் சர்ஃபாக்டின் செய்யும். சராசரி எண்ணோடு எத்தனை விழுக்காடு செல் ஒளிர்ந்தது என்பதையும் எழுதுங்கள், அவ்வளவுதான்.

முடிந்த கல்ச்சரை என்ன செய்வது

சில பேர் கேட்கிறார்கள், இதை நேராக சேகோ ஆலைத் தொட்டியிலேயே விட்டுப் பார்க்கலாமா என்று. கூடாது. மரபணு மாற்றிய உயிரிகளை 1989-ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன, கல்லூரியின் பயோசேஃப்டி கமிட்டி அனுமதி இல்லாமல் கட்டமைப்பையே தொடங்கக் கூடாது, வெளியில் விடுவதற்கு மத்திய அரசின் அனுமதிக் குழு வரை போக வேண்டும். தொட்டி, ஓடை, வாய்க்கால் எதுவாக இருந்தாலும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

பேசில்லஸ் ஸ்போர் கட்டும் என்பதால் கொதிநீரும் லேசான ப்ளீச்சும் போதாது, 121 டிகிரியில் அரை மணி ஆட்டோகிளேவ் வேண்டும். ஏற்காட்டில் மேலே வைத்து வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, அதனால் கேஜ் 15 பவுண்டு காட்டும்போது உள்ளே 118 டிகிரிதான் இருக்கும். கேஜைப் பார்த்து நேரத்தைத் தொடங்காதீர்கள், தெர்மாமீட்டர் 121-ஐத் தொட்ட பிறகு தொடங்குங்கள், தெர்மாமீட்டர் இல்லாத பழைய ஆட்டோகிளேவ் என்றால் ஃபிளாஸ்க்குகளை மூடி சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து இங்கே போடுங்கள்.